பலகையை மாற்றலாமா, கட்டணத்தைக் குறைக்கலாமா?

அமெரிக்காவின் டெக்சஸில் ஆஸ்டின் நகருக்குக் கிழக்கே ஓடுகிறது மாநில நெடுஞ்சாலை 130 என்ற சுங்கச் சாலை. 2012-ல் திறந்த அதன் தெற்குப் பகுதியில் மணிக்கு 85 மைல் வரை போகலாம். அந்நாட்டிலேயே அதுதான் உச்ச வேக வரம்பு. ஆனாலும் எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை. அந்தப் பகுதியை நடத்திய நிறுவனம் 2016-ல் திவால் மனு கொடுத்தது. நகருக்குள் போகும் இன்டர்ஸ்டேட் 35 என்ற இலவச நெடுஞ்சாலையிலோ நெரிசல் தாங்கவில்லை. அங்கே போகும் லாரிகளை 130-க்குத் திருப்புவது எப்படி?

இன்டர்ஸ்டேட் 35 என்ற எண்ணையே 130-க்கு மாற்றிவிடலாம் என்பது ஒரு யோசனை. வெளியூர் லாரிக்காரர் எண்ணைப் பார்த்தே போகிறவர். வழி தானாகத் திரும்பும். ஆனால் பழைய சாலைக்கு வேறு பெயர் வேண்டும், பலகைகள், கடை முகவரிகள் எல்லாம் மாறும். அப்புறம், சுங்கம் அப்படியே இருந்தால்? செல்போன் வரைபடம் இலவச வழியைக் காட்டிவிடும்.

லாரிக் கட்டணத்தைக் குறைப்பது இன்னொன்று. சில காலம் செய்தும் பார்த்தார்கள். அரசுக்குச் செலவுதான், சலுகை முடிந்தால் பழைய கதை. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. ஓட்டுநர் கணக்குப் பார்ப்பது டீசலையும் நேரத்தையும். பலகையில் உள்ள எண்ணை அல்ல.