திருப்பதி – விசாகப்பட்டினம் நேரடி விமானம்: காட்பாடியிலிருந்து ஒரு கணக்கு

வேலூர்க்காரர் ஒருவர் விசாகப்பட்டினம் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு வழிகளையே நினைப்பார்: காட்பாடியில் ரயிலேறி ஓர் இரவையும் பகலில் ஒரு பகுதியையும் படுக்கையில் கழிப்பது, அல்லது மீனம்பாக்கம் சென்று விமானம் பிடிப்பது. திருப்பதிக்கு அருகே ரேணிகுண்டாவிலிருந்து நேராகப் பறக்கும் சிறு விமானம் மூன்றாவது வழி. மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் அண்மையில் அதில் போய் வந்தோம்.

காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக ரேணிகுண்டா ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தொலைவை மட்டும் பார்த்தால் சென்னை விமான நிலையத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியபின் சென்னைச் சாலையில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, சித்தூர்ச் சாலையிலோ இரண்டரை மணி நேரம் என்று நம்பிக் கிளம்பலாம். வாடகைக் காருக்கு அகில இந்தியப் பெர்மிட் இருக்கிறதா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கிறிஸ்டியான்பேட்டையில் ஆந்திர எல்லையைத் தாண்டுவதற்குத் தற்காலிகப் பெர்மிட் செலவு நம் தலையில் விழும். ரயிலில் திருப்பதி போய்ச் சேரவும் வழி உண்டு. பாகாலா வழியாகச் செல்லும் அந்தப் பாதை ஒற்றைத் தடமாகவே இருந்துவந்தது; 104 கிலோமீட்டர் நீளத்துக்கு அதை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்வண்டிக்காக எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்க நேருமோ என்ற கவலையோடு விமானம் பிடிக்கப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்களுக்கு வந்தது இறக்கையில் சுழலும் விசிறிகளால் பறக்கும் ஏடிஆர் 72 விமானம். இறக்கைகள் உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்தச் சன்னலில் அமர்ந்தாலும் கீழே தரை தெரியும். ஜெட் விமானத்தைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதால் பார்ப்பதற்கு நேரமும் கிடைக்கிறது. வடக்கே போகும்போது இடப்புறச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். கிருஷ்ணையும் கோதாவரியும் கிளை கிளையாகப் பிரிந்து கடலில் கலக்குமிடங்களை ஒரே பயணத்தில் பார்த்தோம். மழை பெய்தால்தான் பாலாற்றில் தண்ணீரைக் காணும் எங்களுக்கு அந்தக் காட்சிக்கே பாதிப் பணம் கழிந்துவிட்டது என்று தோன்றியது. நடுவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள் என்பதால் மூன்றாமவர் முழங்காலைத் தாண்டி எழுந்து போகும் தொல்லையும் இல்லை. இரைச்சல் மட்டும் உண்டு. விசிறிகள் முன்பாதியில் இருப்பதால் பின்வரிசைகளில் அது குறைவு. ஏறும் வாசலும் பின்பக்கம்தான் என்பதால் மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பின்வரிசையே இரட்டை வசதி.

சாமான் விஷயத்தில்தான் இந்தச் சேவை எங்களைச் சோதித்தது. ஒருவருக்குப் பதினைந்து கிலோ என்பது பேறுகால வீட்டுக்குப் போகும் தாய்க்கு எந்த மூலைக்கு? லேகியம், சீரகச் சம்பா அரிசி, பழைய வேட்டித் துணிகள் எல்லாவற்றுக்கும் மேல், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் இரண்டு கிலோ இருந்தது. எடை கூடியதும் என் மனைவி அரிசியைக் கார் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினாளே தவிரக் கத்தரிக்காயை விட்டுக்கொடுக்கவில்லை. தலைக்கு மேலுள்ள அறைகளும் சிறியவை. சக்கரம் வைத்த கைப்பெட்டிகளை விமானத்தின் அருகிலேயே வாங்கி அடியில் வைத்துவிடுகிறார்கள். மொட்டையும் சந்தனமுமாக ஏறிய பயணிகளில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் லட்டுப் பை இருந்ததால், எஞ்சிய இடமும் ஏழுமலையானுக்கே போய்விட்டது.

திரும்பும் பயணத்தில் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். இப்படிப்பட்ட குறுந்தொலைவு விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் காத்திருப்போருக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. நாங்கள் இருமுறை கேட்டபின்தான் ஒரு கோப்பை உப்புமா வந்தது. விமானம் புறப்படாமலே போயிருந்தால் என்ன செய்வது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. நாங்கள் பயணம் செய்த வாரத்தில் இந்தத் தடத்தில் நாளுக்கு ஒரே விமானம். சென்னையென்றால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள், இங்கே மறுநாள்தான். சிறு ஊர்களுக்கிடையே ஓடும் தடங்களுக்கு இந்த நிச்சயமின்மை கூடவே பிறந்தது. சேலத்தில் 2018-இல், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் தொடங்கிய சென்னைச் சேவை இடையில் நின்றுபோய் 2023-இல்தான் மீண்டும் வந்தது. நம் வேலூருக்கென உள்ள அப்துல்லாபுரம் விமான நிலையத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டால் போகும்போது ஏழு மணி நேரம் ஆயிற்று. சென்னை வழியைவிட ஒரு மணி நேரம்தான் மிச்சம். வாலாஜா, ஆற்காடு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அதுவும் மிஞ்சாது, அவர்கள் சென்னைக்கே போகலாம். காட்பாடி, குடியாத்தம் பக்கத்தவர்களுக்கும், சி.எம்.சி. மருத்துவமனைக்கு விசாகப்பட்டினத்திலிருந்து நோயாளியை அழைத்து வருபவர்களுக்கும் இந்தத் தடம் உண்மையாகவே உதவும். பெரிய நிலையத்தின் நெரிசலும் நெடுநடையும் ரேணிகுண்டாவில் இல்லை.

எங்கள் கணக்கில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நாங்கள் இறங்கியது கடற்படையின் ஐ.என்.எஸ். டேகா தளத்தை ஒட்டிய நிலையம். காஜுவாகாவிலுள்ள மகள் வீட்டுக்கு அங்கிருந்து கால் மணி நேரம்தான். விமானங்கள் போகாபுரத்துப் புதிய நிலையத்துக்கு மாறிவிட்டால் நகரத்தையே குறுக்கே கடந்து வர வேண்டும். அப்போது, காட்பாடியில் ரயிலேறிக் காஜுவாகாவுக்கு அருகிலுள்ள துவ்வாடா நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம், அரிசியையும் விட்டுவர வேண்டியதில்லை என்று என் மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.