எந்த ஹெட்போன்: சென்ஹைசர் எச்டி 600 ஆ, ஹைஃபைமன் சுந்தராவா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு வெளிநாட்டு மச்சானிடம் சொல்லி எடுப்பிக்கிற சாமான் இது, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, அதனால் அம்ப்பையும் (ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர்) சேர்த்தே யோசியுங்கள்.

அம்ப்: எச்டி 600 க்கு மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம், வோல்டேஜ் கேட்கும், வால்வு (வெற்றிடக் குழாய்) அம்ப்போடு நன்றாக ஒத்துப்போகும்.
சுந்தரா 37 ஓம்தான், ஆனால் கரண்ட் தின்னும். போனில் நேரே செருகினால் சத்தம் வரும், உயிர் வராது. இதற்கு டிரான்சிஸ்டர் அம்ப்தான் சரி.

எடை: 600 260 கிராம், சுந்தரா 372 கிராம். வன்னி வெயிலில் ஒரு மணித்தியாலம் போட்டால் கழுத்துக்குத் தெரியும்.

பழுது: 600 ஐக் கையாலேயே கழற்றிப் பூட்டலாம், பாகங்களும் தனித்தனியாக வாங்கலாம்.

இரண்டுமே திறந்த வகை, வெளிச்சத்தம் உள்ளே வரும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பாட்டு போச்சு.

குரலும் நாதஸ்வரமும் கேட்பவருக்கு 600. அடி பேஸ் (மிகத் தாழ்ந்த ஒலி) வேண்டுமென்றால், நல்ல அம்ப்புக்கும் காசிருந்தால், சுந்தரா.