வங்கியும் மருத்துவமனையும்: ஏஐ எங்கே சட்டென்று நுழைகிறது?

ஒரு துறை ஏஐயை ஏற்பதற்குத் தொழில்நுட்பம் பாதிக் காரணம்தான். தவறு நடந்தால் யார் தலையில் விடியும் என்பது மீதி.

வங்கியில் கார்டைத் தேய்த்ததும், ஒப்புதல் வருவதற்குள் தொகை, நேரம், இடம், பழைய செலவுப் பழக்கம் எல்லாவற்றையும் பார்த்து, மோசடியா என்று மதிப்பெண் போட்டாக வேண்டும். மனிதரால் ஆகிற காரியமா? அதனால்தான் 1990-களிலேயே நியூரல் நெட்வொர்க்குகள் (பழைய உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல்கள்) அங்கே வேலைக்கு வந்துவிட்டன. தரவு முதலிலிருந்தே எண்களாகக் கிடக்கிறது. கணிப்பு சரியா என்பது வாடிக்கையாளர் புகாரிலேயே தெரிந்துவிடும். மோசடியிலிருந்து காப்பாற்றிய பணத்தையும் கணக்குக் காட்டலாம். நியாயமான செலவைத் தவறாக மறுத்தால் வாடிக்கையாளர் கல்லா முன் நின்று நெளிய வேண்டும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

மருத்துவமனையில் உந்துதல் வேறு: ஸ்கேன் படங்கள் குவிகின்றன, பார்க்க ஆள் போதவில்லை. இந்தப் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று 2016-இல் ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னார். அவர்கள் இன்னும் பிஸியாகத்தான் இருக்கிறார்கள்! படத்தில் ஒரு கட்டியைத் தவறவிட்டால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது. நீரிழிவால் விழித்திரை கெடுவதைத் தானே கண்டறியும் மென்பொருளுக்கு 2018-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. அந்த மென்பொருள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அத்தனை குறுகலாக இருந்ததால்தான் அது சாத்தியமானது என்பது என் எண்ணம்.

நோயாளியுடன் பேசியதைக் குறிப்பாக எழுதித்தரும் ஏஐயை மருத்துவர்கள் அவ்வளவாகத் தயங்காமல் ஏற்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் திருத்திக்கொள்ளலாமே.