நெக்ஸ்ட்கிளவுட்: கிணற்றுத் தரவைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ள எவ்வளவு தூரம் உதவுகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கல் படைகளுக்குள் தேங்கிநிற்கும் மழைநீரையே நம்பியிருக்கிறோம். ஆனால் அந்த நீரைப் பற்றி நாம் சேர்த்துவைத்திருக்கும் தரவு ஓரிடத்தில் இல்லை. கமக்காரர் அமைப்பொன்றிடம் நீர்மட்ட அளவுகள் இருக்கும். ஆய்வுகூடமொன்றிடம், உரத்திலிருந்து கிணற்று நீரில் கலக்கும் நைத்திரேற்றின் அளவு பற்றிய முடிவுகள் இருக்கும். கிணறு எங்கே இருக்கிறது, எவருடையது, எத்தனை குடும்பங்கள் அதைப் பாவிக்கின்றன என்ற விபரம் தொண்டு நிறுவனமொன்றின் கணினியில் இருக்கும். இவை மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல், இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும் தாய்க்குப் பொறுப்போடு பதில் சொல்ல முடியாது. குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தில் இவ்வாறான மூன்று அமைப்புகள் தத்தம் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கு நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளைப் பாவித்துவருகின்றன. அந்த வேலையில் பங்குகொண்டவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நெக்ஸ்ட்கிளவுட் 2016இல் ஜேர்மனியில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் இருந்த ஓன்கிளவுட் என்ற மென்பொருளின் நிறுவுநரான பிராங் கார்லிட்செக், அதிலிருந்து பிரிந்துவந்து இதை உருவாக்கினார். இது கட்டற்ற மென்பொருள் என்பதால் நிறுவுவதற்கு உரிமக் கட்டணம் இல்லை. கூகிள் டிரைவ், டிரொப்பொக்ஸ் போன்றவை செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. கோப்புகள் இருக்கும் கணினியை நாமே தெரிவுசெய்கிறோம் என்பதுதான் வேறுபாடு. அலுவலகத்தின் மூலையில் இருக்கும் கணினியிலும் வைக்கலாம், வாடகைக்கு எடுத்த சேவையகத்திலும், அதாவது எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருந்து கோப்புகளை வழங்கும் கணினியிலும், வைக்கலாம்.

என்னைக் கவர்ந்தது கூட்டிணைப்பு என்று சொல்லக்கூடிய வசதி. ஓர் அமைப்பின் சேவையகத்தில் கணக்கு வைத்திருப்பவருக்கு, மின்னஞ்சல் முகவரியைப் போன்ற ஒரு முகவரி இருக்கும்: முதலில் பயனர்பெயர், பிறகு சேவையகத்தின் பெயர். ஆய்வுகூட உத்தியோகத்தர் தமது கோப்புறையை அந்த முகவரிக்குப் பகிர்ந்தால், தொண்டு நிறுவனத்தில் இருப்பவருக்கு ஓர் அறிவித்தல் வரும். அவர் ஏற்றுக்கொண்டதும் அந்தக் கோப்புறை அவருடைய சொந்தக் கோப்புறைகளுக்கு நடுவிலேயே தெரியும். அவருக்கு ஆய்வுகூடத்தின் சேவையகத்தில் கணக்குத் தேவையில்லை, புதிய கடவுச்சொல்லும் தேவையில்லை. கோப்பு ஆய்வுகூடத்தின் இயந்திரத்திலேயே இருக்கும். வாசிக்க மட்டுமா, திருத்தவுமா என்பதைத் தருபவரே தீர்மானிப்பார், வேண்டாதபோது பகிர்வைத் திரும்பப் பெறவும் அவரால் முடியும். காணி உரியவரின் பெயரிலேயே இருக்க, அயலவருக்கு வழிவாய்க்கால் உரிமையை உறுதியில் எழுதிக்கொடுக்கும் நம்முடைய பழைய வழக்கத்துக்கு இது மிகவும் கிட்டியது. நிறுவனங்கள் தரவைக் கொடுக்கத் தயங்குவதற்குப் பெரும்பாலும் கஞ்சத்தனம் காரணமாக இருப்பதில்லை. கொடுத்த பிறகு அது எங்கே போகும், எவர் மாற்றுவார், மாற்றப்பட்ட பிரதி தங்கள் பெயரில் உலாவுமா என்ற அச்சமே காரணம். பென்டிரைவிலும் வட்ஸ்அப்பிலும் கோப்பு ஒரு முறை கைமாறிவிட்டால் அந்த அச்சத்துக்கு மருந்தே இல்லை. இந்த மென்பொருள் அதை முழுமையாகத் தீர்க்கிறது என்று சொல்ல முடியாது; பெற்றவர் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால் அது அவரிடமே இருக்கும். ஆனாலும் "எது மூலப்பிரதி?" என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் இருப்பது பெரிய ஆறுதல்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கோப்பு உரியவரின் சேவையகத்தில் மட்டும் இருப்பதால், அங்கே மின்சாரமோ இணைப்போ தடைப்பட்டால் மற்ற அமைப்புகள் தங்கள் உலாவியில் அந்தக் கோப்புறையைத் திறக்க முடியாது. சேவையகத்தில் இருக்கும் கோப்புகளின் பிரதியைக் கணினியிலும் வைத்து இரண்டையும் ஒன்றுபோலவே பேணும் ஒத்திசைவுச் செயலியை நிறுவி, அந்தக் கோப்புறையை முன்னரே இறக்கிவைத்திருப்பவர்களுக்குப் பழைய பிரதி கைவசம் இருக்கும். மின்வெட்டுக்குப் பழகிய ஊரில், அலுவலக மூலையில் இருக்கும் கணினியைச் சேவையகமாக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தவிரவும், இங்கே கிடைக்கும் பல இணைப்புகளில், விசேடமாகக் கைத்தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் ரவுட்டர்களில், வெளியிலிருந்து அணுகக்கூடிய நிலையான பொது முகவரி கிடைப்பதில்லை. மாத வாடகைக்குச் சிறிய சேவையகமொன்றை எடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

களத்தில் வேலை செய்பவர்களுக்கு மிகவும் பயன்படுவது, கோப்பை இடுவதற்கு மட்டும் அனுமதிக்கும் இணைப்பு. அந்த இணைப்பைக் கைத்தொலைபேசியில் திறப்பவர் தாம் எடுத்த படத்தையோ நிரப்பிய படிவத்தையோ உள்ளே போடலாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றைப் பார்க்க முடியாது. உரும்பிராயில் தோட்டக் கிணறுகளை அளக்கும் தொண்டர், கோப்பாயில் அளக்கும் தொண்டரின் தாள்களைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கடவுச்சொல்லும் காலாவதித் திகதியும் இடலாம். கணக்குத் திறக்கச் சொல்லி எவரையும் வருத்தாமல், பொறுப்புள்ளவரின் கோப்புறைக்கு நேரே தரவு வந்து சேர்கிறது.

ஒத்திசைவைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். பெரிய கோப்புகளைக் கணினிச் செயலி துண்டுதுண்டாக ஏற்றுகிறது; இடையில் இணைப்பு அறுந்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினாலும் கோப்பு முழுவதும் மறுபடி ஏற்றப்படும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் திறன் இதற்கு இல்லை. சின்ஸ்திங் என்ற மற்றொரு கட்டற்ற மென்பொருளுக்கு அந்தத் திறன் உண்டு, எனினும் அமைப்புகளுக்கிடையே உரிமைகளை வகுத்துக் கொடுப்பதற்கு அது ஏற்றதல்ல. டேட்டா அட்டையில் காலந்தள்ளும் சிறிய அமைப்புகள், படங்கள் செருகப்பட்ட கனமான எக்செல் கோப்புகளைத் தவிர்த்து, எண்களைத் தனியாகவும் படங்களைத் தனியாகவும் வைப்பது நல்லது.

ஒரே கோப்பை இருவர் இணைப்பில்லாத நேரத்தில் திருத்தினால், மென்பொருள் எதையும் அழிப்பதில்லை. முரண்பட்ட பிரதி என்ற குறிப்போடு இரண்டாவது கோப்பொன்றை உருவாக்கிவிடும். எது சரியென்று மனிதரே பார்த்துத் தீர்க்க வேண்டும். பழைய பதிப்புகளையும் அது வைத்திருக்கும்: முதல் மணித்தியாலத்துக்கு நிமிடத்துக்கு ஒன்று, முதல் 24 மணித்தியாலத்துக்கு மணித்தியாலத்துக்கு ஒன்று, முதல் 30 நாள்களுக்கு நாளுக்கு ஒன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே போகும். இந்தப் பதிப்புகள் எஞ்சியிருக்கும் இடத்தின் பாதியைத் தாண்டினால் பழையவை நீக்கப்படும். ஆகவே இதைக் காப்புப் பிரதி என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

இனி, இந்த மென்பொருள் செய்யாதவற்றுக்கு வருகிறேன். எங்கள் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் கழிந்தது. நெக்ஸ்ட்கிளவுட் கோப்புகளைப் பரிமாறுகிறது. கோப்புக்குள் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நைத்திரேற்றை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு, நைத்திரேற்று என்ற கணக்கில் லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைதரசன் என்ற கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 11 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையிலான பெருக்கம் 4.43. ஓர் ஆய்வுகூடம் முதற் கணக்கிலும் மற்றொன்று இரண்டாவது கணக்கிலும் அறிக்கை தருவது வழமை. அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் நிரலின் தலைப்பில் இருவருமே "நைத்திரேற்று" என்று மட்டும் எழுதினால், 12 என்ற எண் ஓர் அட்டவணையில் நல்ல தண்ணீரையும் மற்றதில் வரம்பு மீறிய தண்ணீரையும் குறிக்கும். செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடப்படும் உரம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கிணற்றுக்கு இறங்கும் பிரதேசத்தில், இந்த ஒரு தலைப்பைச் சரியாக எழுதாமல் விடுவது சிறிய கவனயீனம் ஆகாது.

இடப்பெயர்களும் அப்படித்தான். ஓர் ஊரை ஒருவர் உரும்பிராய் என்றும் மற்றவர் உரும்பராய் என்றும் பதிவார்கள். இது கண்ணுக்குத் தெரியும் சிக்கல். தெரியாத சிக்கலும் உண்டு: "கொக்குவில்" என்பதில் வரும் முதல் எழுத்தை, எழுத்துகளுக்குக் குறியீடு வழங்கும் பொது முறையான யூனிக்கோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். முன்னே வரும் கொம்பையும் பின்னே வரும் காலையும் இரண்டு குறியீடுகளாக வைப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றே. கோப்புப் பெயர்களில் இந்த வேறுபாட்டை நெக்ஸ்ட்கிளவுட் தானே சமன்படுத்திவிடுகிறது, அது பாராட்டுக்குரியது. ஆனால் அட்டவணைக்குள் இருக்கும் சொற்களை அது தொடுவதில்லை. ஆகவே இரண்டு அமைப்புகளின் பட்டியல்களை ஊரின் பெயரைக் கொண்டு பொருத்தும்போது, கண்ணுக்கு எந்தக் காரணமும் தெரியாமல் சில வரிசைகள் பொருந்தாமல் நிற்கும். யூனிக்கோட்டைப் பின்பற்றாமல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகள் இன்னும் மோசம். அவற்றை உலாவியில் திறந்தால், சேவையகத்தில் அந்த எழுத்துரு இல்லாதவிடத்து, ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றிய பின்னரே பகிர்வது என்று முதலிலேயே விதி வைத்துக்கொண்டோம். ஊர்ப்பெயரை வாசிப்பவருக்காக விட்டுவிட்டு, பொருத்துவதற்கு "ஜே" என்று தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தையும், ஒவ்வொரு கிணற்றுக்கும் நாமே கொடுத்த தனி இலக்கத்தையும் பாவிக்கிறோம். கிணற்றின் அமைவிடத்துக்கும் ஒரே ஆள்கூற்று முறையைக் குறித்துவைக்க வேண்டும். கைத்தொலைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கும், பழைய நில அளவைப் படங்களின் ஆள்கூறுகளும் ஒன்றாகக் கலந்தால் கிணறு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

நெக்ஸ்ட்கிளவுட்டுக்குள் அட்டவணைகளுக்கென்று தனியான செயலி ஒன்றும் உண்டு. நிரலுக்கு எண், திகதி, தெரிவுப்பட்டியல் என்று வகை குறிக்கலாம் என்பதால் ஒரு சேவையகத்துக்குள்ளே வேலை செய்பவர்களுக்கு நல்லது. எங்கள் பரிமாற்றத்துக்குக் காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரைக்கோப்பே போதுமானதாக இருந்தது. அதனுடன் ஒவ்வொரு நிரலும் எதைக் குறிக்கிறது, எந்த அலகு, எவர் அளந்தது என்று விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் அதே கோப்புறையில் இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாத கோப்பை ஏற்றுக்கொள்வதில்லை என்பதில் மூன்று அமைப்புகளும் உறுதியாக இருக்கின்றன.

கிணற்று உரிமையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்காகப் பெற்ற விபரத்தை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது என்ற கொள்கையை உடையது. சட்டம் இல்லாவிட்டாலும், தம் கிணற்றில் வாளியை இறக்க நம்மை அனுமதித்தவருக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை அது. ஆகவே பெயர்கள் ஒரு கோப்புறையிலும் அளவுகள் மற்றொரு கோப்புறையிலும் இருக்கின்றன. பகிரப்படுவது இரண்டாவது மட்டும். கோப்புறை வாரியாக உரிமை வகுக்கும் இந்த மென்பொருளில் அதைச் செய்வது மிக இலகு. கோப்புக்குள் ஒரு நிரலை மட்டும் மறைக்க இங்கே வழியில்லை என்பதால் முதலிலேயே பிரித்துவைப்பது அவசியம்.

பராமரிப்பு ஒரு தொடர்ந்த கடமை. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவ வேண்டும். பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகவே ஏற வேண்டும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சேவையகத்தை மேம்படுத்துவது களைப்பான வேலை. சேவையகத்தை இயக்கும் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவரின் நேரத்துக்கு அமைப்பின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் இல்லாவிட்டால் இதை நிறுவாமலிருப்பதே மேல். அவ்வாறான அமைப்பு, சேவையகம் வைத்திருக்கும் மற்றோர் அமைப்பிடம் கணக்குப் பெற்றுக்கொள்ளலாம். எங்கள் கமக்காரர் அமைப்பு அப்படித்தான் இணைந்திருக்கிறது, அதனால் அதன் உரிமைகளில் எந்தக் குறையும் ஏற்படவில்லை. நிர்வாகியின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருப்பதும் ஆபத்து. அவர் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது என்பதை நிறுவும் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும்.

இங்கே பல முயற்சிகள் திட்ட நிதியோடு பிறந்து, நிதி முடிந்ததும் ஓய்ந்துவிடுகின்றன. கூட்டிணைப்புப் பகிர்வில் இது நேரடியான விளைவைத் தரும்: சேவையகத்தின் வாடகை கட்டப்படாமல் போனால், அதிலிருந்து பகிரப்பட்ட கோப்புறைகள் எல்லா அமைப்புகளிடமிருந்தும் ஒரேயடியாக மறையும். இதற்காக, ஆண்டுதோறும் மாரி மழை ஓய்ந்து தை மாத அளவீடுகள் முடிந்தபின், மூன்று அமைப்புகளும் ஒப்புக்கொண்ட தொகுப்பை, பெயர்கள் நீக்கப்பட்ட உரைக்கோப்பாக, விளக்கக் குறிப்புடன் ஒவ்வோர் அமைப்பின் சேமிப்பிலும் முழுப் பிரதியாக வைக்கிறோம். இந்த ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக் கையொப்பமிட்ட பின்னரே பகிர்வை ஏற்றுக்கொள்ளுமாறு, புதிதாகச் சேர விரும்பும் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம்.