படமே ஓட வேண்டுமென்றால்: இபிசி, யுஎம்எல், பிபிஎம்என்

அலுவலக வேலை நடக்கும் விதத்தை வரைந்து, அதையே மென்பொருளாக்க மூன்று குறியீட்டு முறைகள் பேசப்படுகின்றன: இபிசி, யுஎம்எல், பிபிஎம்என். தாளில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்: பெட்டி, அம்பு, பிரியும் கிளை. படத்தை என்ஜினில், அதாவது படத்தைப் படித்து வேலையை அடியடியாக நடத்தும் மென்பொருளில், ஏற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இபிசி (EPC, நிகழ்வுகளால் நகரும் வேலைச் சங்கிலி) 1992இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. நிகழ்வு, செயல், நிகழ்வு என்று போகும் அதன் ஓட்டத்தை யாரும் எளிதில் படித்துவிடலாம். சிக்கல், ஒன்றோ பலவோ கிளைகள் மறுபடி சேரும் 'அல்லது' இணைப்பில். மூன்று கிளைகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று தெரியாதபோது, எதற்காகக் காத்திருப்பது? ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். படிக்கும் மனிதர் ஊகித்துக்கொள்வார், என்ஜினால் முடியாது.

யுஎம்எல் (UML) என்பது மென்பொருள் வடிவமைப்புக்கான வரைபட மொழி. அதில் வேலை ஓட்டத்தைக் காட்டும் ஆக்டிவிட்டி படம் டெவலப்பர்களுக்குப் பழக்கமானது. 2005இல் வந்த 2.0 பதிப்பு, பெட்ரி வலை என்ற கணித மாதிரியைப் போல, வேலை எங்கே இருக்கிறது என்று காட்டும் டோக்கனின் நகர்வை வைத்து அர்த்தம் சொன்னது. ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் நீட்டினால் அவருக்கு அது அந்நியமாகவே இருக்கும்.

பிபிஎம்என் (BPMN, அலுவலக வேலை ஓட்டத்துக்கான குறியீட்டு முறை) 2004இல் வந்தபோது வெறும் படம்தான். ஓட்டுவதற்கு அதை பிபெல் (BPEL) என்ற, என்ஜின் ஓட்டக்கூடிய மொழிக்கு மாற்ற வேண்டியிருந்தது. படத்தில் அம்பு எங்கே வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். பிபெலோ பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கட்டங்கள். பிபெலில் செய்த திருத்தம் படத்துக்குத் திரும்பி வருவதும் கடினம். படம் ஒன்று சொல்லும், ஓடுவது வேறாக இருக்கும். 2011இல் வந்த 2.0 பதிப்பு, இயங்கும் விதத்தையும் எக்ஸ்எம்எல் கோப்பு வடிவத்தையும் சேர்த்தே வரையறுத்தது. இன்று காமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற என்ஜின்கள் அந்தக் கோப்பையே ஓட்டுகின்றன.

பில் ஒப்புதலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலாளர் 3 நாள் பதில் சொல்லவில்லை. அவருடைய பெட்டியின் ஓரத்தில் டைமர் வட்டம் வரைகிறோம். முழுக்கோடு என்றால் அவர் வேலை ரத்தாகி வேறு வழியில் போகும். விட்டு விட்டு வரைந்த கோடு என்றால் நினைவூட்டல் மட்டும் போகும், வேலை அவரிடமே இருக்கும். எது வேண்டும் என்பதை ஒப்புதல் தருபவரே படத்தைப் பார்த்துச் சொல்லலாம். என்னைக் கேட்டால், பிபிஎம்என்னின் உண்மையான பலம் இதுதான்.

குறையும் உண்டு. படிவங்கள், சேவை அழைப்புகள் எல்லாம் அந்தந்த என்ஜினின் தனி நீட்டிப்புகளில் போய் உட்கார்ந்துவிடும். கோப்பை அப்படியே வேறு என்ஜினுக்குக் கொண்டுபோக முடியும் என்று நம்ப வேண்டாம். அப்புறம், விலைச் சலுகை விதிகளையெல்லாம் கேட்வேயாக (கிளை பிரியும் இடத்தின் குறி) வரைந்தால் படம் காடாகிவிடும். அதற்கு, முடிவு விதிகளை வரிசையாக எழுதும் டிஎம்என் (DMN) அட்டவணை இருக்கிறது.

படமே வேண்டாம், நிரலாகவே எழுதலாம் என்கிறது டெம்போரல் என்ற இன்னொரு மென்பொருள். இயந்திரங்கள் மட்டும் பேசிக்கொள்ளும் வேலைக்கு அதுதான் சரி, சோதிப்பது எளிது. மனிதர்கள் கையெழுத்திடும், மாதக்கணக்கில் நீளும் வேலைக்கு நான் பிபிஎம்என்னையே எடுப்பேன். காமுண்டாவில் புதுப் படத்தை ஏற்றினாலும், நடுவழியில் இருக்கும் பில்கள், நாமாக மாற்றாதவரை, பழைய படத்திலேயே ஓடி முடியும். டெம்போரலில் நிரலின் ஓட்டத்தை மாற்றும்போது, பாதியில் நிற்கும் வேலைகளுக்கான பழைய வழியை, நிரலுக்குள்ளேயோ பழைய பதிப்பைத் தொடர்ந்து ஓடவிட்டோ, டெவலப்பர்தான் நினைவு வைத்துக் காப்பாற்ற வேண்டும்.