தானே படித்து எழுத ஏ பிளஸ் எப்படி?

டெக்னிக்கல் சப்போர்ட் வேலைக்கு முதல் சான்றிதழ் என்றால், ஐடி சான்றிதழ்கள் தரும் அமைப்பான காம்ப்டியாவின் ஏ பிளஸ்தான். கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வு. ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. 900க்கு முதலாவதில் 675, அடுத்ததில் 700 வேண்டும். இரண்டும் ஒரே வரிசையாக இருப்பது கட்டாயம். பழைய வரிசையின் கோர் 1 ஆன 1101ஐ எழுதிவிட்டு, புதிய வரிசையின் கோர் 2 ஆன 1202க்குப் போனால் சான்றிதழ் கிடைக்காது.

பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. அதையே அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். கோர் 1ல் பழுது கண்டறிதல் மட்டுமே 28 சதவீதம். ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் பதில் தரவில்லை. முதலில் கேபிள், பிறகு ஸ்விட்ச் போர்ட், வி-லேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), கடைசியில் சர்வர் என்று போக வேண்டும். இந்த வரிசை கையில் பழகாதவர்கள்தான் செய்முறைக் கேள்விகளில் கோட்டைவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நேரத்தைத் தின்னும். குறியிட்டுவிட்டுக் கடைசியில் திரும்புவது நல்லது.

பயிற்சிக்கு, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். ஆனால் அதில் விண்டோஸ் ஹோம் போடாதீர்கள்: கணினி விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் இருக்காது, அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனிலும் சேராது. (இந்த வித்தியாசமே தேர்வில் வரும்!)

ஏ பிளஸின் குறை? டொமைனில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இதில் மேலோட்டம்தான். ஹெல்ப் டெஸ்கில் பாஸ்வேர்டு ரீசெட்டும் அக்கவுண்ட் அன்லாக்கும் அன்றாட வேலை. விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பை நிறுவி, பத்துப் பயனர்களை உருவாக்கி, வேண்டுமென்றே லாக் செய்து திறந்து பாருங்கள். சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். கசிந்த வினாத்தாள் பக்கம் மட்டும் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழே பறிபோகும்.