கியாராவுக்கும் ஆபீசுக்கும் ஒரே சைக்கிளா?

வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கும் ஒரே வண்டி போதுமா? கோலாலம்பூரில் சைக்கிள் கடைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்ட வேகத்தில் ‘கிரேவல் எடுங்க’ என்ற பதில் வந்துவிடும். பதிலில் தப்பில்லை, ஊர்தான் ஒத்துவரவில்லை. கிரேவல் சைக்கிள் சரளைச் சாலைக்காகப் பிறந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டிலோ சரளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்; காலுக்கடியில் கிடப்பதெல்லாம் வேரும் களிமண்ணும்.

போட்டியில் இருப்பவை மூன்று: முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் மவுண்டன் பைக், வளைந்த ஹேண்டில் கொண்ட கிரேவல், ரயிலில் ஏற்றிக்கொள்ளக்கூடிய 20 அங்குல மடக்கு சைக்கிள்.

முதலில் புக்கிட் கியாரா. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் (டிடிடிஐ) குடியிருப்புக்குப் பின்னால் நிற்கும் இந்தக் குன்று ஒரு காலத்தில் நம்மவர்கள் பால்மரம் வெட்டிய தோட்டம். தோட்டம் மூடி, குடும்பங்கள் லயங்களுக்குப் பெயர்ந்தது தனிக் கதை. இன்று அங்கே இருப்பவை டிராக்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஒற்றையடித் தடங்கள். ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் திடீரென்று எழும்பும், நடுவில் வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடும்.

இங்கே கியர் கணக்கு பேசும். மிதியோடு சுழலும் 32 பல் சக்கரமும், பின்சக்கரத்தில் 11 முதல் 50 பல் வரையிலான வட்டுகளின் அடுக்கும் (11-50 கேசட்) உள்ள 29 அங்குல ஹார்ட்டெயில், மிகத் தாழ்ந்த கியரில் ஒரு முழு மிதிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் நகரும். 40 பல்லும் 11-42 கேசட்டும் உள்ள கிரேவல் 2.1 மீட்டர். 52 பல், 11-28 கேசட் உள்ள மடக்கு சைக்கிள் 2.8 மீட்டர். 1.5 மீட்டர் கியரில் உட்கார்ந்தபடியே வேரைத் தாண்டலாம். 2.1-இல் எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும். எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறையும், ஈர வேரில் டயர் சுழலும், கால் தரைக்கு வரும். கிரேவல்காரர்கள் கியாராவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்குத் தெம்பு போதாததைவிட இதுதான் காரணம்.

அடுத்தது களிமண். காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடக்கும் தடம், மதிய மழைக்குப் பிறகு உளுந்து மாவாகிவிடும். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவாவது இடம் வேண்டும். பல கிரேவல் பிரேம்கள் 45 மி.மீ. டயர் வரைதான் ஏற்கும். அதை மாட்டிவிட்டால் மிச்ச இடம் சில மி.மீ.தான். மண் அதில் அடைத்து, பின்சக்கரத்தை ஒட்டி ஓடும் பிரேம் குழாயின் (செயின்ஸ்டே) பெயின்டை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்க்கும். மட்கார்ட் போட்டிருந்தால் சக்கரமே நின்றுவிடும். கனமழை பெய்த மறுநாள் எந்த வண்டியாக இருந்தாலும் கியாரா பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஈரத்தில் விழும் சக்கரப் பள்ளத்தைத் திரும்ப நிரப்புவதற்கு யாரோ ஒருவர் சாங்கோல் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

அப்படியென்றால் கிரேவல் எதற்கு? செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு. அங்கே அதை அடிக்க ஆளில்லை. லோரி போய் இறுகிய மண், நீளமான நேர்ப்பாதை, லேசான ஏற்ற இறக்கம். 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில், 70 கிலோ ஆளுக்கு 35 பிஎஸ்ஐ காற்று சரியாக இருக்கும். கவனிக்க வேண்டியது மட்டை முள். வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் ஓரத்து முள் டயரைத் தைக்கும். டியூபாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அந்தச் சிறு துளையைத் தானே அடைத்துவிடும். ஆனால் நம் வெக்கைக்கு அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்து ரப்பர் தோலாகிவிடும். டயரைக் குலுக்கினால் சளசளவென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் கிரேவல் டயருக்கு 60 மி.லி., 29 அங்குல டயருக்கு 100 மி.லி. ஊற்றுங்கள். தோட்டம் தனியார் இடம் என்பதால், காவல் சாவடியில் கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை.

இனி வேலைக்குப் போகும் பாதை. மிட்வேலிக்கும் மெர்டேக்கா சதுக்கத்துக்கும் இடையே 2015-இல் திறந்த சைக்கிள் தடம் சுமார் 5.5 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையோ இடது ஓரமோதான். மோட்டார் பாதையில் கிரேவலுக்கே முதலிடம்: வேகம் வரும், குனிந்து காற்றைத் தவிர்க்கலாம், 40 மி.மீ. டயர் பள்ளத்தையும் பொறுத்துக்கொள்ளும். சுரங்க வளைவுகளில் மழைநீர் தேங்கி நிற்கும். கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகுவதற்குள் பின்னால் மோட்டார் வந்துவிடும். அதனால் பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

இடது ஓரத்தில் ஓட்டுகிறவர் கண் வைக்க வேண்டியது கால்வாய் மூடி. சில மூடிகளின் கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீளமாக ஓடும், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. 28 மி.மீ. டயர் அதற்குள் அப்படியே இறங்கும். சக்கரம் நிற்கும், ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போவார். 40 மி.மீ. டயர் மேலேயே உருண்டுவிடும். 20 அங்குலச் சக்கரம் சிறியது என்பதால் அகலமான டயர் போட்டிருந்தாலும் குழிக்குள் ஆழமாக இறங்கிக் குலுக்கும்.

ஹார்ட்டெயில் சாலையில் மந்தம் என்பது பாதி உண்மைதான். மந்தம் பெரும்பாலும் முள்டயரிலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது, பிரேமில் இல்லை. நடுவில் முள் தாழ்வாகவும் ஓரத்தில் உயர்வாகவும் உள்ள 2.2 அங்குல டயரை மாட்டி, வேலைக்கு 35 பிஎஸ்ஐ, சனிக்கிழமை இரவு டியூப்லெஸ் என்றால் 24, டியூப் என்றால் 29 என்று மாற்றினால் முக்கால்வாசிப் பேருக்குப் போதும். டியூப்போடு 24-இல் இறங்கினால் வேரில் மோதி டியூப் ரிம்மில் நசுங்கும், பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை. இன்னொரு தொல்லை ஹேண்டில்: 740 மி.மீ. அகலம் துன் சம்பந்தன் சாலை நெரிசலில் கார்க் கண்ணாடிகளுக்கு நடுவே நுழையாது. பக்கத்துக்கு 20 மி.மீ. வெட்டி 700 ஆக்கலாம். வெட்டுமுன் பிரேக், கியர் பிடிகளை உள்ளே தள்ளிப் பார்த்து இடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

சிலர் இரண்டாவது சக்கர ஜோடி வாங்குவார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரே செயின் இரண்டு கேசட்டில் ஓடும்போது, அதிகம் ஓடிய கேசட் தேய்ந்து, செயின் மாற்றிய அன்று அதில் மட்டும் பல் தாவும். பிரேக் டிஸ்க்கும் சரியாக ஒரே இடத்தில் உட்காராது, 0.2 மி.மீ. வளையம் வைத்துச் சமன் செய்ய வேண்டும்.

மடக்கு சைக்கிளைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பேச்சு முடிந்தது. ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்கு இடி முழங்கும்போது மற்ற இரண்டுக்கும் இல்லாத வழி இதற்கு இருக்கிறது: மடித்து ரயிலில் ஏறிவிடலாம். மடிக்காத வண்டிக்கு வழக்கமான நாளில் எல்ஆர்டியில் அந்தச் சலுகை இல்லை. அளவு, நேரம் பற்றிய நிலைய அறிவிப்பை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பங்சார் ஏற்றத்துக்கு 52 பல் அதிகம். 46 பல்லும், கியர் மாற்றும் டெரெய்லர் ஏற்றால் 11-32 கேசட்டும் போட்டால் ஒரு மிதிக்கு 2.2 மீட்டராக இறங்கும். டியூப் வாங்கும்போது ‘20 அங்குலம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 406, 451 என்று இரண்டு அளவு உண்டு, டயர் ஓரத்தில் பொறித்திருக்கும். ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. வாரம் ஒருமுறை மடிப்புக் கீலைத் துடைத்து, ஹேண்டில் தண்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அன்று ஓட்டக்கூடாது.

மழை மூன்றையும் தின்னும். களிமண் நீரில் ரெசின் (பிசின் கலவை) பிரேக் பேட் வேகமாகக் கரையும். உலோகத் தூளில் செய்த சின்டர்டு பேட் தாங்கும், ஆனால் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தால் அதைப் போடாதீர்கள். செயின் நீட்சியை அளவுகோல் வைத்துப் பாருங்கள்: 11, 12 கியருக்கு 0.5 சதவீதம், அதற்குக் குறைந்த கியருக்கு 0.75. தாண்டினால் கேசட்டும் சேர்ந்து போகும்.

எங்கள் தேர்வு இது. வேலைப் பாதை ஒரு வழி 8 கிலோமீட்டருக்குள், ஞாயிறு கியாரா என்றால் ஹார்ட்டெயில். 15-க்கு மேல், மோட்டார் பாதை, விடுமுறைக்குத் தோட்டத்துச் சாலை என்றால் கிரேவல். வீட்டுக்கும் ஆபீசுக்கும் பக்கத்தில் ரயில் நிலையம் இருந்தால், விலையுயர்ந்த ஒரு கிரேவலுக்குப் போடும் பணத்தில் ஒரு மடக்கு சைக்கிளும் பழைய ஹார்ட்டெயிலும் வாங்கலாம். பழையது வாங்கப் போனால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்திப் பாருங்கள். முன்பக்க சஸ்பென்ஷன் போர்க் ஒட்டி ஒட்டி இறங்கினாலோ, போர்க்கின் தண்டில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.